மூன்றாவது கண்ணாடிக்கு வைத்த சந்தனம்

1. வளையல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கை வளையலைக் கழற்றச் சொன்னார்கள். அன்று காலைதான் என் வீட்டுக்காரர் இரண்டு உருண்டை களி தின்று ஏப்பம் விட்டபடி, அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னை டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனுஷன். அவருக்கு என்ன கேடு வந்தது என்று நான் வளையலைக் கழற்றுவேன்?

என் பெயர் மாதம்மாள். இதை நான் எழுதவில்லை. எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல ரேவதி எழுதுகிறாள். புதிதாக லேபில் சேருகிறவர்கள் படிக்கட்டும் என்று துறை மலரில் போடப் போகிறார்களாம். நான் பேசியது அச்சில் வரும் என்று சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள், "உனக்குப் படிக்கத் தெரியாதே, அவங்க வேற எதையாவது போட்டுட்டா?" என்றாள். பொறாமை.

நான் கூட்டித் துடைப்பது யுனிவர்சிட்டியில் ஒரு லேசர் லேப். ஜன்னல் இல்லாத ரூம். நடுவில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு மேஜை. அதன் கால்களுக்குள் காற்று இருக்கிறது. ஹைவேயில் லாரி போனால் தரை அதிரும், மேஜை அதிராது. அதன் மேல் சின்னச் சின்னக் கண்ணாடிகள் கம்பத்தில் நிற்கும். எல்லாவற்றையும் மூடி ஒரு கறுப்புப் பெட்டி.

சுகுமார் சார்தான் லேபுக்குப் பெரியவர். அன்றைக்கு அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"வளையல் பளபளன்னு இருக்குதில்லம்மா? லேசர் அதுல பட்டுத் தெறிச்சா எந்தப் பக்கம் போவும்னு எனக்கே தெரியாது. யாரு கண்ணுல படுதோ, அந்தக் கண்ணு அவ்ளோதான்."

"வர்றப்ப பாத்து விலகிக்கறனுங்க சார்."

"பாக்கவே முடியாதும்மா. இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

கண்ணுக்குத் தெரியாதது எப்படி வெளிச்சமாகும் என்று கேட்க வாய் வந்தது. பயத்தில் கேட்கவில்லை. பேய் பிசாசுக்குக்கூட நான் அவ்வளவு பயந்தவள் இல்லை. அதற்கு வேப்பிலையாவது இருக்கிறது.

வளையல் விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது ரேவதி. அப்போது அவள் பிஎச்டி படிக்கிற பெண். கடத்தூர்ப் பக்கம், அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. மறுநாள் ஒரு பழைய குடைத்துணியை வெட்டி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து, கறுப்பாக ஒரு கையுறை மாதிரி தைத்துக்கொண்டு வந்தாள். முழங்கை வரைக்கும் வரும்.

"கழட்ட வேணாம் ஆயா. மூடிக்கலாம்."

அன்றைக்கே அவள் என் மனசில் ஒரு இடம் பிடித்துவிட்டாள். பின்னால் நடந்த தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

2. ரேவதியின் சில்லு

அவள் ஆராய்ச்சி செய்தது ஒரு சில்லின் மேல். புளியங்கொட்டை அளவுக்குக் கண்ணாடி. அதன் மேல் சிலிக்கானில் தூண்கள், தூண் தலையில் தங்கத் தொப்பி. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தும் ஒரு மங்கலான சதுரம் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"தங்கம்னு சொன்னியே, எங்க சாமி?"

"உங்க தலமுடிக்குக் குறுக்கால நூறு தூணு நிக்கும் ஆயா. அவ்ளோ சின்னது."

"அத வெச்சு ஒரு மூக்குத்திகூட வராதே."

அவள் சிரித்துவிட்டு மெஷினைப் போட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் பார்த்தேன். இருட்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளி. நாற்று முளை விடும்போது மண்ணுக்கு மேல் தலை நீட்டுமே, அந்தப் பச்சை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உள்ளே போய், கண்ணுக்குத் தெரிகிற பச்சையாக வெளியே வருகிறது. எனக்குப் புல்லரித்தது. பயமும்தான்.

எப்படி என்று கேட்டேன். படிக்காதவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அவள் நினைத்ததே இல்லை.

"ரெண்டு துளி வெளிச்சம் ஒரே நேரத்துல ஒரே எடத்துல வந்து சேந்தாத்தான் ஒரு பச்சத் துளி பொறக்கும் ஆயா. நீங்களும் உங்க சம்பந்தியம்மாவும் சொல்லி வெச்சுக்காம சந்தையில எதுக்க எதுக்க பாக்கணும்னா எவ்ளோ கூட்டம் வேணும்? அந்த மாதிரி. தங்கம் என்ன பண்ணுது, வெளிச்சத்த ஒரு சந்துக்குள்ள நெருக்குது. சிலிக்கான் அத ஓடவிடாம சுத்த வெக்குது. அப்ப சந்திப்பு பல மடங்கு ஆவுது."

"கூட்டம் பாதியா கொறஞ்சா?"

"சந்திப்பு பாதியாவாது. கால்வாசியாயிடும். கொஞ்சம் கொறஞ்சாலே பச்ச படுத்துடும்."

"அப்ப கூட்டத்த அதிகமா விடு."

"விட்டா தங்கம் சூடேறி உருகி உருண்டையாயிடும். அப்புறம் சந்தே இருக்காது."

அதனால் அவள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். லேசரைக் கூட்டிக் குறைக்க ஒரு வட்டத் திருகு உண்டு. அதில் எண் போட்டிருக்கும். எனக்கு எண் படிக்கத் தெரியாது என்று, தன் நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஓர் இடத்தில் ஒட்டினாள். திருகு பொட்டைத் தாண்டினால் தங்கத்துக்கு ஆபத்து. எனக்கென்ன, நான் அதைத் தொடப்போவதே இல்லை. ஆனாலும் அந்த ரூமில் என்னால் படிக்க முடிந்த ஒரே எழுத்து அந்தப் பொட்டுதான். தினமும் கூட்டும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

மூன்று சில்லு செய்தார்கள். பெங்களூரில் முகம், தலை எல்லாம் மூடிக்கொண்டு வேலை பார்க்கிற ரூமில், முறைக்குக் காத்துக் கிடந்து செய்தது. ஒன்று கை தவறி உடைந்தது. ஒன்று பொட்டைத் தாண்டி உருகியது. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். பூஜை லீவு முடிந்த வாரத்தில் வெளியூரிலிருந்து ஒரு பரீட்சைக்காரர் வந்து பச்சையைக் கண்ணால் பார்க்கப் போகிறார். அது வந்தால்தான் ரேவதி ஐந்து வருஷம் உழைத்தது நிற்கும். இன்னொரு சில்லுக்கு அவளுக்கு முறையும் இல்லை, காலமும் இல்லை.

3. சந்தனம்

லீவுக்கு முந்தின நாள் லேபில் ஆயுத பூஜை. மெஷினெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சார் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டார்: சூடம், ஊதுபத்தி எல்லாம் வராண்டாவில், உள்ளே புகை வரக்கூடாது. ரேவதியும் சொன்னாள்.

"ஆயா, கதவு, மேஜைக்காலு, கம்ப்யூட்டரு, லேசர் பெட்டி மேல. இவ்ளோதான் சந்தனம். கறுப்பு மூடிய மட்டும் தெறக்காதீங்க."

நான் தலையாட்டினேன். பொரி கடலை வாங்க அவள் போய்விட்டாள்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் லேசர் வாசலிலிருந்து மூன்றாவதாக நிற்கிற கண்ணாடி ரேவதியைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் அதோடு சண்டை. "இந்த மூணாவது கண்ணாடிதான் என் உசுர எடுக்குது. நேத்து வெச்ச எடத்துல இன்னைக்கி நிக்க மாட்டேங்குது சனியன்" என்பாள். மாசக் கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கே அதன் மேல் கோபம். நல்லபடி ஓடுகிற கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கிறோம், தகராறு பண்ணுகிற கண்ணாடிக்கு வைக்காமல் விட்டால் பூஜை எதற்கு?

மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் வைக்கக்கூடாது என்கிற அறிவு இருந்தது. அது நிற்கிற கம்பத்தின் தலையில், சுற்றுக்கட்டில் ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம் அன்றைக்குக் கொஞ்சம் தண்ணியாகக் கரைந்திருந்தது. ஒரு சொட்டு வழிந்து கண்ணாடி மேல் இறங்கியது. பதறி முந்தானையால் துடைத்தேன். சந்தனப் பொட்டையும் வழித்தெடுத்துவிட்டேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. மூடியை மூடிவிட்டு வராண்டாவுக்கு வந்து பொரி தின்றேன். தேங்காய்ப் பல்லும் கிடைத்தது.

4. பச்சை வரவில்லை

திங்கட்கிழமை காலை. நான் வராண்டாவில் மாப் பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே ரேவதியின் குரல்.

"சார், சிக்னல் இல்ல."

"லேசர் பவர் பாத்தியா?"

"லேசர் வாசல்ல மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் சார். கரெக்டா இருக்குது. சேம்பிள் சில்லுதான் போச்சு. மழ ஈரத்துல போயிருக்கும். எல்லாமே போச்சு."

மாப்புக் குச்சி கையில் நிற்கவில்லை. மழை ஈரமா? ஈரம் நான் வைத்தது. அந்தச் சந்தனம் எப்படியோ சில்லு வரைக்கும் போய்விட்டது என்று நினைத்தேன். போய்ச் சொல் என்று ஒரு மனசு. சொன்னால் நாளைக்கு இந்தக் கட்டிடத்துக்குள் விடமாட்டார்கள், அதைவிட அந்தப் பெண் என் முகத்தை எப்படிப் பார்க்கும் என்று இன்னொரு மனசு. கையைச் சேலையில் துடைத்தேன். துடைத்த பிறகுதான் தெரிந்தது, அதே முந்தானை. துவைத்தும் ஒரு மஞ்சள் கறை போகாமல் நின்றது.

கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பரீட்சைக்காரர் வருவது வியாழக்கிழமை என்று பேசிக்கொண்டார்கள். சார் சொன்னார், "பவரக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டு. போன சேம்பிள்தானே, இனி என்ன ஆவப் போவுது."

ரேவதி திருகைத் திருகினாள். திருகு பொட்டைத் தொட்டது. தாண்டியது. இன்னும் தாண்டியது. அப்புறம்தான் கம்ப்யூட்டரில் மசமசவென்று ஒரு பச்சை வந்தது. சீக்கு வந்த கோழி மாதிரி.

"பத்து நிமிஷம் ஓடட்டும். நிக்குதான்னு பாக்கலாம். ரூமுக்கு வா, அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கணும்" என்று சார் போனார். ரேவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் போனாள். கதவுக்கு மேல் ரெட் லைட் எரிந்தது. அது எரிந்தால் கவர்னரே வந்தாலும் உள்ளே போகக் கூடாது.

5. ஒரு விரல் தூரம்

நான் உள்ளே போனேன்.

என்னிடம் சாவி இருந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். குடைத்துணியை முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டேன். லென்ஸ் துடைக்கிற வெள்ளைத் துணி ஒன்று டப்பாவில் இருக்கும், அதை எடுத்தேன். கணக்கு இதுதான்: மூன்றாவது கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிடுவது. பச்சை திரும்பி வந்துவிடும். நடந்தது யாருக்கும் தெரியவே வேண்டாம்.

மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. சத்தமில்லை, வெளிச்சமில்லை. கண்ணாடிகள் அது பாட்டுக்கு நிற்கின்றன. அதுதான் பயம். நல்ல பாம்பு இருக்கிறது என்று தெரிந்த வைக்கோல் போரில், பாம்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கை விடுவதுபோல. மூன்றாவது கண்ணாடியின் நடுவில் கடுகளவுக்கு ஒரு பழுப்பு. தோசை கருகிய நிறம். லீவுக்கு முன்னால் அது இல்லை.

கையை நீட்டினேன். துணிக்கும் கண்ணாடிக்கும் ஒரு விரல் தூரம்.

அப்போது கண் தானாகத் திருகின் பக்கம் போனது. தினமும் பார்த்துப் பழகிய கண். திருகின் முள் பொட்டைத் தாண்டி நின்றது.

எங்கள் காட்டில் தக்காளி போட்டிருக்கிறோம். அதற்கு முந்தின கோடையில் நாற்றுத் தட்டுக்குத் தண்ணீர் விட்ட குழாயில் பாசி அடைத்துக்கொண்டது. தண்ணீர் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு மோட்டார் ரூமிலேயே நின்றார். அடைப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் சொல்லாமல் நான் பாசியைப் பிடுங்கினேன். வந்ததே தண்ணீர்! நாற்று, மண், தட்டு எல்லாம் வாய்க்காலில். "சொல்லிட்டுப் புடுங்கறதுக்கென்னடி" என்று ஒரு மாசம் திட்டினார்.

என் கை அந்தரத்தில் நின்றது. அடைப்பு இங்கே இருக்கிறது. வால்வு அங்கே திறந்து கிடக்கிறது. நான் துடைத்தால் மொத்தமும் நாற்று மேல்தான் பாயும்.

கையை இழுத்தேன். மூடியை மெல்ல மூடிவிட்டு வெளியே ஓடினேன். திருகை நானே குறைத்திருக்கலாமே என்று பின்னால் லேபில் ஒரு பையன் கேட்டான். ஒன்றைச் சொல்லாமல் தொட்டு வந்த வினை போதாதா சாமி?

6. சொன்னது

சார் ரூம் கதவைத் தட்டக்கூட இல்லை.

"ரேவதி, மொதல்ல அந்தத் திருகக் கொறம்மா. அப்புறம் என்ன வேணா செய்யி. மூணாவது கண்ணாடில நான் சந்தனம் வெச்சுட்டேன்."

சார்தான் முதலில் கேட்டார்.

"எப்ப?"

"பூசைக்கிங்க சார். வழிஞ்சிருச்சுங்க. முந்தானையில தொடச்சங்க. இப்பவும் தொடைக்கத்தான் போனங்க."

"இப்பவா? ரெட் லைட் எரியறப்பவா? மூடியத் தெறந்தீங்களா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். பக்கத்தில் வந்து என் கண்ணைப் பார்த்தார். "கண்ணு எரியுதா? எங்கயாவது புள்ளி புள்ளியா தெரியுதா? கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தங்க."

ரேவதி அதற்குள் ஓடிவிட்டாள். நாங்கள் போனபோது திருகு பொட்டுக்கு இந்தப் பக்கம் வெகு தூரம் வந்திருந்தது. லேசரை நிறுத்தி, அந்தக் கண்ணாடியைக் கழற்றி, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தாள். அப்போது எனக்கும் தெரிந்தது. முந்தானை இழுத்த இழுப்பு, வாசலில் சாணி மெழுகிய மாதிரி, கோடு கோடாக. நடுவில் கருகிய புள்ளி. அலமாரியிலிருந்து புதுக் கண்ணாடி எடுத்து மாட்டி, வெகுநேரம் திருப்பித் திருப்பிச் சரிசெய்தாள். திருகை மெல்ல மெல்லப் பொட்டு வரைக்கும் கொண்டுபோனாள்.

பச்சை. பழைய பச்சை. பளிச்சென்று.

நான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார் ஒரு தாளில் ஏதோ எழுதிப் பார்த்தார்.

"ரேவதி, அவங்க அப்பவே தொடச்சிருந்தா?"

"தங்கம் அப்படியே உருகியிருக்கும் சார். சேம்பிள் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நாமளே கெடுத்திருப்போம்." என் பக்கம் திரும்பினாள். "ஏன் ஆயா அன்னைக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு சாமி."

"என்னப் பாத்தா பயம்?"

அவளுக்கு என் மேல் கோபம்தான். அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. இப்போது எழுதிக்கொண்டே, "மூணு நாள்" என்று திருத்துகிறாள்.

சார் அன்றைக்கே தருமபுரியில் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். "அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன். பதறிவிட்டார். "ஒண்ணுமே தெரியலியா?" "தெரியுதுங்க, படிக்கத்தான் தெரியாது." அப்புறம் முள்கரண்டி மாதிரி ஒரு படத்தைக் காட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொன்னார். லேசர் ஒன்றும் செய்யவில்லை, புரைதான் லேசாக ஆரம்பித்திருக்கிறது என்றார். அவ்வளவு சந்தோஷமாகப் புரையை வாங்கிக்கொண்டு வந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை அந்தப் பரீட்சைக்காரர் வந்தார். பச்சையைப் பார்த்தார். ரேவதி பாஸ். நான் வராண்டாவில் நின்று, உள்ளே பேச்சு நின்று எல்லாரும் கை தட்டுகிற வரைக்கும் மாப்பைப் பிழிந்துகொண்டே இருந்தேன். பிழியத் தண்ணீரே இல்லை.

இந்த ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தப்பு எல்லாருக்கும் வரும். நான் சந்தனம் வைத்தது ஒரு தப்பு, அதில் போனது ஒரு கண்ணாடி. யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப் போனேனே, அதில் போக இருந்தது ரேவதியின் ஐந்து வருஷம். நீங்கள் ஒன்றைத் தொட்ட பிறகு அடுத்தவர்கள் எதைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

அந்தப் பயம் எனக்கு இன்னும் கையிலேயே இருக்கிறது. எதைத் துடைத்தாலும் முதலில் உரக்கச் சொல்கிறேன். லேபில் பையன்களுக்கு அது விளையாட்டு. "ஆயா மேஜைக்காலு தொடைக்கறாங்கோவ்" என்று எனக்கு முன்னால் அவர்களே கத்துவார்கள். வீட்டிலும் வந்துவிட்டது.

"தட்டக் கழுவப் போறனுங்க!"

"ஏண்டி, தட்டக் கழுவறதுக்கு ஊருக்கே தண்டோரா போடணுமா?" என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க கொழாய எவ்ளோ தெறந்து வெச்சிருக்கீங்களோ, எனக்கு என்ன தெரியும்?"

அவர் எழுந்துபோய்க் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.